அளவு துரை எடுத்த முகம்

சாவி வெச்சிருக்கிற ஆள் சோறு திங்கப் போயிருக்கானாம் புள்ள. வாசல்ல நிக்கிற சேவகன் சொன்னான். "இன்னா பெர்சு, மூஞ்சி ரூமா? பூட்டிக் கீது. சாவி கன்னையா கையில கீது. துண்ணுட்டு வருவான், அப்பிடிக்கா குந்து"ன்னான். குந்தியிருக்கேன். கல்லுத் தரை சில்லுனு இருக்குது, வெளிய வெயில் கொளுத்துது. சனம் போகுது வருது. யானை எலும்பைப் பார்த்துட்டுப் பிள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டு ஓடுதுங்க. செத்த காலேஜ்னு பேரு வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான். செத்த யானை, செத்த முதலை, பாட்டில்ல ஊறப் போட்ட பாம்பு, இன்னும் என்னென்னமோ. உயிர் காலேஜ்னு வேற ஒண்ணு இருக்குதாம், அங்க புலி கரடி எல்லாம் உசுரோட நடமாடுதாம். "மாமா, பட்டணம் வந்தவங்க மொதல்ல உயிர் காலேஜ்தான் பார்ப்பாங்க, நீங்க என்ன செத்த காலேஜுக்குப் போறேங்கறீங்க"ன்னு மாப்பிள்ளை சிரிச்சாரு. நான் என்னத்தைச் சொல்றது? உங்க மாமியாரைப் பார்க்கப் போறேன்னு சொல்ல முடியுமா? சும்மா காலாற நடந்துட்டு வர்றேன்னு கிளம்பிட்டேன். டிராம்ல ஏறத் தெரியாம நடந்தே வந்தேன். வர்ற வழியில மாரியம்மன் கோயில்ல பேத்தி பேருக்கு ஒரு தேங்காய் ஒடைச்சேன். பூசாரி குடுத்த குங்குமத்தைக் காகிதத்துல மடிச்சு இடுப்புல சொருகியிருக்கேன், நம்ம பொண்ணு தங்காயிக்கு. வேட்டி நனைஞ்சா கரைஞ்சிடும்னு அப்பப்ப தொட்டுப் பார்த்துக்கறேன். இருக்குது.

தங்காயிக்குப் பொண்ணு பொறந்திருக்குது புள்ள, தெரியுமா உனக்கு? கோயில் கோயிலா ஏறி எறங்கி, இனிமே எங்க பொறக்கப் போகுதுன்னு மாமியார்க்காரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தப்ப வந்து பொறந்திருக்குது. கறுப்பா, கொழுகொழுன்னு, கையை முறுக்கிக்கிட்டு. பார்க்க வந்தவளுங்க சும்மா இருப்பாளுங்களா? மூக்கு அப்பன் மூக்கு, நெத்தி அத்தை நெத்தின்னு ஆளுக்கொண்ணு பங்கு போட்டாளுங்க. வாய்க்கு மட்டும் ஆள் கெடைக்கலை. இது யாரு வாய்டின்னு ஒருத்தி கேட்டா. தங்காயி என்னை நிமிர்ந்து பார்த்தா. "அப்பா, எங்கம்மா சாடை ஏதாச்சும் இருக்குதா பாருப்பா"ன்னா. ஆசையாக் கேட்டா புள்ள. தவழற வயசுல விட்டுட்டுப் போனவளை அவ எங்க கண்டா? நான் குனிஞ்சு பிள்ளை மூஞ்சியைப் பார்த்தேன். உன் மூஞ்சியை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும், அவ்வளவுதானே. வரலை. கண்ணை மூடினேன். வரலை. உன் காலு வந்துச்சு, மலை மழையில வெடிச்சு, வேப்பெண்ணெய் தடவி அடுப்புக்கிட்ட நீட்டி வெச்சிருப்பியே அந்தக் காலு. உன் கொரல் வந்துச்சு, காப்பிச் செடிக்கு அந்தப் பக்கம் நின்னு "ஏனுங்க மாமா"ன்னு இழுப்பியே, அது அப்பிடியே வந்துச்சு. மூக்குத்தி வந்துச்சு, மூக்கு வரலை. அட, ஒரு பொம்பளையோட படுத்து எழுந்து, சண்டை போட்டு, ஒரே தட்டுல தின்னுட்டு, அவ மூஞ்சி ஒருத்தனுக்கு மறக்குமா? எனக்கு மறந்திருக்குது. வேர்த்துப் போச்சு எனக்கு. "என்னப்பா, இருக்குதா இல்லையா?"ன்னா. "இருக்குதும்மா, இருக்குது"ன்னேன். "எதுப்பா?"ன்னா. "பொறு, வளரட்டும்"னு சொல்லிட்டு வெளிய வந்து தெருக்குழாய்ல மூஞ்சி கழுவினேன். போட்டோவா கீட்டோவா அந்தக் காலத்துல? காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போட்டோ எவன் எடுப்பான்? அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. அளவு துரை எடுத்தாரே.

கன்னையா இன்னும் வரலை. என்ன சோறு திங்கறான், கல்யாண விருந்தா? அளவு துரை வந்தது நமக்குக் கல்யாணம் ஆன மறு வருசம். நம்ம எஸ்டேட் துரை காப்பி பார்ப்பாரு, கணக்குப் பார்ப்பாரு, இவரு வந்து எங்க மூஞ்சியைப் பார்த்தாரு. மேஸ்திரி எங்களைப் பழம் பொறுக்க நிறுத்தற மாதிரியே வரிசையா நிறுத்தினான், சாதிவாரியா. பித்தளை இடுக்கி ஒண்ணு. அதைக் காதுக்கு மேல வெச்சு மண்டையை இடுக்கினாரு, மூக்கை இடுக்கினாரு, இங்கிலீசுல ஒரு நம்பர் சொன்னாரு, குமாஸ்தா அய்யா எழுதிக்கிட்டாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எதுக்குங்க சாமி இது, எங்க தலைக்குத் தொப்பி தைக்கவா?"ன்னு கேட்டேன். குமாஸ்தா சிரிக்கலை. உலகத்துல இருக்கிற மனுசன் எத்தனை தினுசு, யாரு முன்னால வந்தவன், யாரு பின்னால வந்தவன், யாருக்கு யாரு ஒறவு, அதெல்லாம் மண்டையிலயும் மூக்குலயும் இருக்குது, துரை அதைப் படிக்கறாரு, புதுப் படிப்பு, சீமையிலேயே இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்கன்னாரு. "எங்க ஒறவு எங்களுக்கே தெரியுமுங்களே, கேட்டாச் சொல்லிட்டுப் போறோம்"னேன். அவரு அதைத் துரைகிட்டச் சொல்லிட்டாரு போல. மறுநாள் என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டு ஒக்கார வெச்சுத் தரையில கூழாங்கல்லைப் பரப்பினாரு துரை. ஒரு கல்லு நான், இன்னொண்ணு எங்கப்பன், இன்னொண்ணு எங்க ஆத்தா. ஆத்தாளுக்குத் தம்பியை என்னன்னு கூப்பிடுவே? மாமன். அத்தை புருசனை? மாமன். பொண்டாட்டியோட அப்பனை? மாமனுங்க. உன்னை உன் பொண்டாட்டி? மாமான்னுதானுங்க. துரைக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கணுமே, பொதையல் கெடைச்ச மாதிரி குமாஸ்தா முதுகுல தட்டினாரு. மாமனுக்கு மாமன்னு பேரு இருக்கறதுல என்ன அதிசயம்னு எனக்குப் புரியலை. பேரைச் சொல்லவே மாட்டாளான்னு கேட்டாரு. அய்யய்யோ, பேரைச் சொன்னாப் புருசனுக்கு ஆயுசு கொறையுமுங்க, யாராச்சும் கேட்டாப் பக்கத்துல இருக்கறவங்கதான் எடுத்துச் சொல்லணும்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. எனக்கு ஒரு சுருட்டுக் குடுத்தாரு. அதை நீ பிடுங்கிக் கூரையில சொருகி வெச்சே, துரை குடுத்த சுருட்டுன்னு வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் காட்டினே. கடைசியில மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்சுப் போச்சு. நான் குடிச்சிருந்தாலாவது ஆகியிருக்கும்.

கல்லு வெச்சுக் கேட்டதுக்கு மறுநாள்தான் மூஞ்சி எடுத்தது. பொம்பளைங்களை மட்டும் நிறுத்திக்கிட்டு ஆம்பளைங்களைக் களை வெட்ட அனுப்பிட்டாங்க. நான் அந்தாண்ட மேட்டுல வெட்டறேன், கை வெட்டுது, மனசு பங்களா வாசல்லயே கெடக்குது, என்ன பண்றானுங்களோ எம்பொண்டாட்டியைன்னு. பொழுது சாயறப்ப நீ வந்தே. புருவத்துல, காதோரத்துல வெள்ளை வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. "மூஞ்சியை வெச்சிட்டு வந்துட்டேனுங்க மாமா"ன்னே. நான் பதறிப் போனேன், நீ விழுந்து விழுந்து சிரிச்சே. விளக்கெண்ணெயைத் தடவினாங்களாம், பொட்டெல்லாம் அழிஞ்சு போச்சாம். தாலிக்கயித்துல மாவு படும்னு முதுகுப் பக்கம் தள்ளி விட்டாங்களாம். மூக்குல ரெண்டு கோழி எறகுத் தண்டைச் சொருகி, கண்ணை மூடச் சொல்லி, கொழைச்ச சுண்ணாம்பு மாவை மூஞ்சி மேல ஊத்தினாங்களாம். மொதல்ல குளிருமாம், அப்பறம் சூடாகுமாம், அப்பறம் கல்லாட்டம் இறுகிடுமாம். "செத்தா இப்பிடித்தான் இருக்குமோன்னு நெனைச்சேனுங்க"ன்னே. வாயைக் கழுவுடின்னு திட்டினேன். உனக்கு முன்னால அத்தாயி அக்கா, பக்கத்து வீட்டு அக்காதான், மாவுக்குள்ள படுத்திருந்துச்சாம். அப்பத்தான் குமாஸ்தா உன்கிட்ட வந்து புருசன் பேரு என்னன்னு கேட்டாராம். நீ எப்பிடிச் சொல்லுவே? தலையைக் குனிஞ்சுக்கிட்டு அக்காவைப் பார்த்தியாம், எடுத்துச் சொல்லுக்கான்னு. அக்கா எங்க சொல்றது, வாயெல்லாம் மாவு! ம்ம் ம்ம்னுச்சாம், மூக்குல இருந்த எறகுத் தண்டு விசிலடிச்சுதாம். குமாஸ்தா மறுபடி கேட்டாராம். எண்ணெய் எறங்கி உன் கண்ணு ரெண்டும் தண்ணியா ஊத்துதாம். பேசாம நின்னியாம். அவரு உச்சுக் கொட்டிட்டு என்னமோ எழுதிக்கிட்டாராம். "என்ன எழுதினாரு?"ன்னேன். "எனக்கென்னங்க தெரியும், உங்களுக்குப் புதுசா ஒரு பேரு வெச்சிருப்பாரு"ன்னே. அந்த விசில் நெனப்பு வந்து மாவுக்குள்ள சிரிச்சுட்டியாம், துரை சத்தம் போட்டாராம். உன் வாய் ஒரு பக்கம் கோணினபடியே மாவு இறுகிப் போச்சாம். இத்தனையும் சொல்லிட்டு, எழுந்து போய், செம்புத் தண்ணியில மூஞ்சி பார்த்துப் பெரிசா ஒரு பொட்டு வெச்சுக்கிட்டே, காசு அகலத்துக்கு. அதுக்கப்புறம் எத்தனை நாள் அந்தப் பேரை வெச்சு என்னைக் கிண்டல் பண்ணினே. வேலைக்கு நேரமாச்சுன்னா, "எழுந்திரிங்க, அங்க இருக்கிற புருசன் இந்நேரம் எழுந்து போயிருப்பாரு"ம்ப. அங்கன்னா இங்கதான் புள்ள. மூஞ்சியெல்லாம் பட்டணத்துச் செத்த காலேஜுக்குப் போகுதுன்னு குமாஸ்தா சொன்னாராமே. நல்லா வந்ததைச் சீமைக்கும் அனுப்புவாங்கன்னாராமே.

அதுதான் பயம். சீமைக்குப் போயிருந்தா? வழியில ஒடைஞ்சிருந்தா? மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துல ஒரு பொம்பளை காணும் பொங்கலுக்கு இங்க வந்துட்டுப் போய், ஒரு ரூம்ல மூஞ்சியா மாட்டி வெச்சிருக்காங்க, பயந்துட்டேன்னு சொன்னதை வெச்சுத்தான் வந்திருக்கேன். எந்த மூஞ்சின்னு அவளுக்கென்ன தெரியும்? இன்னொரு பயமும் இருக்குது, அதைச் சொல்ல வெக்கமா இருக்குது. நீ இருந்து, எனக்கு அடையாளம் தெரியாமப் போனா? ஒரு கண்ணுல பூ விழுந்து வருசமாச்சு, மிச்சக் கண்ணு ஒண்ணை வெச்சுத்தான் பார்க்கணும். பார்த்துட்டு, இவ யாரோன்னு தாண்டிப் போயிட்டேன்னா நீ என்ன நெனப்பே? இத்தனைக்கும் உன் மூஞ்சியைக் கடைசியாப் பார்த்தவன் நான்தான். மலைக்காய்ச்சல்ல வெடவெடன்னு நடுங்கினே, இருந்த கம்பளியெல்லாம் போட்டேன், என்னையே மேல போட்டு அமுக்கிக்கிட்டேன், அப்பவும் பல்லு கிட்டிச்சு. மூணாம் தரம் நடுக்கம் வந்து நின்னப்ப நீயும் நின்னுட்டே. கண்ணை நான்தான் மூடினேன். பொம்பளைங்க மஞ்சத் தண்ணி ஊத்தி, நெத்தி நெறையக் குங்குமம் வெச்சு, குடுத்து வெச்சவ, பூவும் பொட்டுமாப் போனான்னு சொன்னாளுங்க. எனக்கு அவளுங்களை அடிக்கணும் போல இருந்துச்சு. ஆனா நீ கேட்டதும் அதைத்தானே? நான் முன்னால போவேன்னு சொன்னா, நான்தான் முன்னாலம்ப, உங்களை அனுப்பிட்டு வெறும் நெத்தியோட ஒரு நாளும் இருக்க மாட்டேன் மாமா, அந்தக் கோலம் மட்டும் எனக்கு வேண்டாம்ப. சண்டையே போட்டிருக்கோம் அதுக்கு. நீயே செயிச்சே. இன்னொருத்தியைக் கட்டிக்கன்னு எல்லாரும் சொன்னாங்க, கட்டிக்கலை. தங்காயியை முதுகுல கட்டிக்கிட்டே களை வெட்டினேன். அப்பல்லாம் உன் மூஞ்சி நெனைச்ச ஒடனே வரும். தெனம் தெனம் எடுத்து எடுத்துப் பார்த்தேனே, அதுலயே தேய்ஞ்சு போச்சோ என்னமோ. கொஞ்சம் பத்திரமா வெச்சிருந்திருக்கணும்.

கன்னையா வந்துட்டான். வெத்தலை மென்னுக்கிட்டே சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு வர்றான். "நீதான் மூஞ்சி ரூம் கேட்டியா பெர்சு? அதுல இன்னா கீது, நல்லா புலி கிலி பார்த்துட்டுப் போறத வுட்டுட்டு"ங்கறான். பார்க்கணுமுங்கன்னேன். கதவைத் தொறந்தான், வவ்வால் நாத்தம் அடிச்சுது. ஒரு ஜன்னலைத் தள்ளி விட்டான். "கண்ணாடிய தொடாத, ஆபீசர் பார்த்தா என்னைத்தான் காச்சுவான்"னான். சொவரோரமா கண்ணாடி அலமாரி. உள்ள மூஞ்சிங்க, புள்ள. மரக்கலர் சாயம் பூசி, வரிசையா. கழுத்து இல்லை, மயிர் இல்லை, மூஞ்சி மட்டும். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தராவது தொறந்து பார்க்கக் கூடாதான்னு இருந்துச்சு. மொத வரிசை போனேன், இல்லை. ரெண்டாவதுல ஒரு மூஞ்சி, அகல நெத்தி, மூக்கு நுனி கொஞ்சம் சப்பை, உதடு தடிப்பு, அய்யோ புள்ளன்னு வாய் விட்டே அழுதுட்டேன். கன்னையா ஓடி வந்தான். கீழ இருந்த சீட்டைப் பார்த்துட்டு, "யோவ், அது ஆம்பளைய்யா, மலங்காட்டு ஆளு"ங்கறான். எனக்கு மானமே போச்சு. எவனோ ஒருத்தனைப் பார்த்து எம்பொண்டாட்டின்னு அழுதிருக்கேன். நீ இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பே. திரும்பிப் போயிடலாமான்னு இருந்துச்சு. நெசமாவே மறந்துதான் போச்சு, இனிமே என்ன பார்த்து என்ன ஆகப் போகுதுன்னு கால் பின்னுக்குப் போகுது. தங்காயிகிட்ட என்னத்தையாவது சொல்லிக்கலாம், கண்ணு உன் கண்ணுதான்னு சொன்னா அவளுக்கென்ன தெரியப் போகுது. அப்பிடியே திரும்பறப்ப, கடைசி வரிசையில, அத்தாயி அக்கா. சத்தியமா புள்ள, பார்த்த ஒடனே தெரிஞ்சுது. அந்த மோவாய்த் தழும்பு, அந்த உப்பின கன்னம், மாவுக்குள்ளயும் எரிச்சலா இருக்கிற மூஞ்சி. அட அக்கா, பக்கத்து வீட்டுக்காரியை அடையாளம் தெரியுது, கட்டினவளைத் தெரியலையேன்னு நெனைக்கறப்பவே கண்ணு பக்கத்து மூஞ்சிக்குப் போயிடுச்சு.

வாய் கோணியிருந்துச்சு.

எல்லாரும் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு இருக்க, அந்த ஒரு வாய் மட்டும் எடது பக்கம் ஏறி, அடக்க முடியாம நிக்குது. மொதல்ல வாய் வந்துச்சு, அப்பறம் கன்னம் வந்துச்சு, அப்பறம் மூக்கு, மூக்குத்தித் தொளை, நெத்தி, எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து அதது எடத்துல ஒக்காந்துக்கிச்சு. ஏ புள்ள. இதானா. இவ்வளவு நாளா எங்க போயிருந்தே? நீ எவ்வளவு சின்னப் பொண்ணு புள்ள! தங்காயியை விடச் சின்னவளா இருக்கே. நான் நரைச்சுப் போய்ப் பல்லு போய், கிழவன் வந்து நிக்கறேன், நீ அன்னிக்கு விட்ட எடத்துலயே இருக்கறே. பிள்ளை வாய் இதுதான். அச்சு அசல் இதுதான். பால் குடிச்சு முடிச்சுட்டு எடது ஓரத்தை இழுக்குமே, பால் ஏப்பம்னு நெனைச்சேன், அது நீயா? தங்காயிகிட்டச் சொல்றேன், வாய் உங்கம்மா வாய்தான்டின்னு, சத்தியம் பண்ணிச் சொல்றேன். அழுகை வருது, சிரிப்பும் வருது. கன்னையா பக்கத்துல வந்து நின்னான். "தெரிஞ்ச மூஞ்சியா பெர்சு?"ன்னான், கொரலைத் தாழ்த்தி. தலையாட்டினேன். "அந்தச் சீட்டுல என்னங்க எழுதியிருக்குது?"ன்னு கேட்டேன். எனக்குப் புதுசா வெச்ச பேரைத் தெரிஞ்சுக்கணுமே. பார்த்துட்டு உன்கிட்டச் சொல்லணுமே.

அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சான், இங்கிலீசு. பொம்பளை. தோட்டக் கூலி. வயசு இருபதுக்கு மேல. மண்டை நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, மூக்கு இவ்வளவு. "பேரு?"ன்னேன். "பேரெல்லாம் கெடையாது, நம்பர்தான்"னான். "புருசன் பேருங்க?"ன்னேன். அவன் மறுபடி குனிஞ்சு பார்த்தான். "புருசன் இல்லியே. தாலி அறுத்த பொண்ணுன்னு போட்டுக் கீது. பாவம், இந்தச் சின்ன வயசுலயே. அவன் முன்னாடியே பூட்டான் போல"ன்னான். எனக்கு மொதல்ல விளங்கலை. விளங்கினப்ப கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டேன், அவனும் தொடாதேன்னு சொல்லலை. பொட்டு அழிஞ்ச நெத்தி. முதுகுப் பக்கம் போன தாலி. கண்ணுல ஊத்தற தண்ணி. புருசன் பேரு கேட்டாத் தலையைக் குனியறே. அந்தக் குமாஸ்தா அய்யா வேற என்னன்னு எழுதுவாரு? முந்தின நாள்தான் கல்லு வெச்சுக் கேட்டாங்க, பேரு சொல்ல மாட்டாங்கன்னு எழுதிக்கிட்டாங்க, துரை சுருட்டெல்லாம் குடுத்தாரு. எனக்கு ஆயுசு கொறையக் கூடாதுன்னுதானே புள்ள நீ வாயைத் தொறக்கலை? வாயைத் தொறக்காததால அன்னிக்கே நான் செத்துட்டேன். எந்தக் கோலம் வேண்டாம்னு என்கிட்ட அத்தனை சண்டை போட்டியோ, அதே கோலத்துல உன்னை மாட்டி வெச்சிருக்காங்க, வந்தவன் போனவனெல்லாம் பார்க்க. இத்தனை வருசமா. "யாரு பெர்சு இது?"ன்னான் கன்னையா. எம்பொண்டாட்டிங்கன்னேன். அவன் என்னைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். "அப்போ நீ?"ன்னான். "உசுரோடதானுங்க இருக்கேன்"னேன். "பேரு பாவாயிங்க. அதையாவது எழுதிக்கிறீங்களா?" ஒரு நாளும் நான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, புள்ளன்னே காலம் போயிடுச்சு, எவன்கிட்டயோ சொல்லிட்டேன். அவன் மேல்துண்டால வாயைத் தொடைச்சுக்கிட்டான். "நான் எழுத முடியாது பெர்சு, வேலை பூடும். நான் வெளிய நிக்கறேன், நீ பார்த்துட்டு வா. மணி அடிச்சா வந்துடணும்"னுட்டுப் போயிட்டான்.

இப்ப நீயும் நானுந்தான். அத்தாயி அக்கா இருக்குது, அது கண்ணை மூடிக்கிட்டு இருக்குது. இடுப்புல இருந்து மடிச்ச காகிதத்தை எடுத்தேன். தங்காயிக்கு மிச்சம் இருக்கும், கவலைப்படாதே. கண்ணைத் தொடைச்ச வெரல் ஈரமா இருந்துச்சு, தொட்ட ஒடனே குங்குமம் ஒட்டிக்கிச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவுல கை நுழைய வழியில்லை. நல்லாப் பார்க்கிற கண்ணை வெச்சுக் குறி பார்த்து, உன் நெத்திக்கு நேரா, கண்ணாடி மேல வெச்சேன். பெரிசாவே வெச்சேன், காசு அகலத்துக்கு. சரியா வந்து ஒக்காந்துச்சு புள்ள, ரெண்டு புருவத்துக்கு நடுவுல. அன்னிக்குச் சாயங்காலம் செம்புத் தண்ணியில பார்த்து வெச்சுக்கிட்டியே, அதே மாதிரி. கோண வாயும் பொட்டுமா, இப்ப யாரு பார்த்தாலும் கட்டின புருசன் இருக்கிறவன்னுதான் சொல்லுவாங்க. ஆசை தீரப் பார்த்தேன். தோளு வலிக்குதேன்னு கொஞ்சம் சாய்ஞ்சேன், பொட்டு உன் புருவத்து மேல ஏறிக்கிச்சு. இந்தப் பக்கம் சாய்ஞ்சேன், காதுகிட்டப் போயிடுச்சு. இன்னும் நகர்ந்தா அத்தாயி அக்கா கன்னத்துக்குப் போயிடும். மறுபடி பழைய எடத்துக்கே வந்து நின்னேன், அது உன் நெத்திக்கு வந்துடுச்சு. மணி அடிக்கறாங்க. கன்னையா வெளிய இருந்து, பெர்சு, வா பெர்சுன்னு கூப்பிடறான். பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும், தங்காயி வழி பார்த்துக்கிட்டு இருப்பா, போகணும். இதோ வர்றேனுங்கன்னு கொரல் குடுத்துட்டு, காலை அசைக்காம நிக்கறேன்.